விரலை இழுத்த காற்று

இன்று காலை வண்டியை சர்வீஸுக்கு விட்டிருந்தேன். மெக்கானிக், இஞ்சினுக்குக் காற்று போகிற குழாயிலிருந்து சின்ன சென்சார் ஒன்றைக் கழற்றி, அதன் மேல் ஸ்ப்ரே அடித்தார். மூக்கில் சுருக்கென்று ஏறுகிற அந்த வாசனை. உட்கார்ந்திருந்த நாற்காலியை விட்டு எழுந்து ரோட்டோரம் போய் நின்றுகொண்டேன். உங்கள் சட்டைகளில் வருடக்கணக்காக இருந்த வாசனைங்க அது. எத்தனை துவைத்தாலும் போகாது. இப்போது ஒரு சட்டையிலும் இல்லை.

சர்க்கரை உங்கள் கண்ணை எடுத்துக்கொண்டதும், நீங்கள் நடத்திய ஒர்க்‌ஷாப்பை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்துவிட்டீர்கள். வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். அப்புறம் சிறுநீரகமும் கைவிட்டது. திருவேட்டக்குடியிலிருந்து நாகப்பட்டினத்துக்கு டயாலிசிஸுக்கு விடாமல் போய்வர வேண்டும். அதற்காகத்தான், மகளைக் கட்டிக்கொடுத்த பிறகு, நான் கார் ஓட்டக் கற்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எப்போது கியர் மாற்ற வேண்டும் என்று சொல்வீர்கள். நான் மாற்றுவதற்குள் உங்கள் இடதுகால் அங்கே இல்லாத கிளட்சைத் தானாக அழுத்தும்.

அந்தக் கோடையில்தான் வண்டி படுத்த ஆரம்பித்தது. இஞ்சின் விளக்கு எரியும். வேகத்தைக் குறைத்தால் குலுங்கும், நிறுத்தினால் அணைந்துவிடும். ஒர்க்‌ஷாப்பில் பார்த்துவிட்டு, பெட்ரோலின் அளவுக்குக் காற்று அதிகமாகிறது, காற்றை அளக்கிற சென்சார் தப்பாக அளக்கிறது என்றார்கள். புதிய சென்சாரும் போட்டார்கள். கொஞ்ச நாளில் விளக்கு மறுபடி எரிந்தது.

டயாலிசிஸ் முடிந்து திரும்புகையில், டி.ஆர்.பட்டினத்தில் உச்சி வெயிலில் நின்றுபோனதே, அது நினைவிருக்கிறதா? உங்கள் உதடு காய்ந்திருந்தது. குடிக்கிற தண்ணீரைக்கூட அளந்துதான் தர வேண்டும். கதவைப் பிடித்தபடி கண்ணை மூடியிருந்தீர்கள். நான் சாவியைத் திருப்பித் திருப்பி, சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தேன். உங்களுக்குத் தெரியாது என்று நினைத்தேன்.

“அழுவாத லூர்து. ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து நாமளே பாத்துடுவோம்” என்றீர்கள்.

மகள் சென்னையிலிருந்து போன் செய்து, இனி டாக்சி வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் பெட்டியிலிருந்து, வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை எடுக்கச் சொல்லி, ஸ்டீயரிங்குக்குக் கீழே அதை மாட்டும் இடத்தை என் கையைப் பிடித்துக் காட்டினீர்கள். அது அனுப்பிய எண்கள் என் போனில் ஓட ஆரம்பித்தன.

“நீ படிச்சு சொல்லு. நான் பாக்குறேன்.”

அந்த ‘பாக்குறேன்’ என்னை என்னவோ செய்தது. எண்களைப் படித்தேன். வண்டி சும்மா நிற்கும்போது, கூடுதலாக ஊற்றுகிற பெட்ரோலைக் காட்டும் எண் எக்கச்சக்கமாக ஏறி நின்றது. ஆக்சிலேட்டரை மிதித்துப் பிடிக்கச் சொன்னீர்கள். மிதிக்க மிதிக்க அது இறங்கியது. விட்டதும் ஏறியது. இன்னொரு தடவை செய்யச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினீர்கள்.

சென்சார் மேல் தப்பே இல்லை என்றீர்கள். அது தன் வழியாகப் போகிற காற்றைச் சரியாகத்தான் அளக்கிறது. அதைத் தாண்டி எங்கேயோ கணக்கில் வராத காற்று உள்ளே நுழைகிறது. இஞ்சின் மெதுவாக ஓடும்போது அந்தத் திருட்டுக் காற்று பெரிசு, வேகமாக ஓடும்போது ஒன்றுமே இல்லை. எனக்கு அன்றைக்குப் பாதிதான் புரிந்தது. நீங்கள் அதற்குள் பானெட்டுக்குப் போய்விட்டீர்கள், எப்போதும் தடவிக்கொண்டு நடக்கிற சுவரைத் தொடாமலே.

நீங்கள் சொல்லச் சொல்ல, இஞ்சின் மூடியிலிருந்து பின்பக்கம் வளைந்து போகிற ஒரு ரப்பர் குழாயைக் கையால் தடவிக்கொண்டே போனேன். வளைவுக்கு அடியில், கண்ணுக்கே படாத இடத்தில், என் விரல் நுனியை ஏதோ இழுத்தது.

“இழுக்குதுங்க.”

“அழுத்தி மூடு.”

மூடினேன். குலுங்கிக்கொண்டிருந்த இஞ்சின் அப்படியே அடங்கி ஒரே சீராக ஓடியது. எனக்கு உறைப்பதற்கு முன்பே உங்களுக்குக் கேட்டுவிட்டது. முகம் மலர்ந்தது. வண்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றீர்கள். அணைக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், கொஞ்ச நேரம் ஓடட்டும் என்றீர்கள். பிறகு என் பக்கம் திரும்பாமல் சொன்னீர்கள்.

“நான் பாக்குற கடைசி வண்டி இதுதான்னு நெனக்கிறேன்.”

அப்படியெல்லாம் இல்லை என்று சொல்லியிருக்கலாம். கிழிந்த இடத்திலிருந்து விரலை எடுக்காமல் நின்றேன்.

குழாய் மாற்றிய பிறகு வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. வெயிலில் ஓடியது, ஐப்பசி மழையில் ஓடியது. ரோடெல்லாம் தண்ணீராகக் கிடந்த அந்த நாளிலும் உங்களை நேரத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மத்தியானம் டயாலிசிஸ் படுக்கையிலேயே உங்கள் இதயம் நின்றுவிட்டது. டாக்டர்கள் முடிந்ததையெல்லாம் செய்தார்கள். நான் உங்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கால் இன்னும் சூடாக இருந்தது.

மறுநாள் காலை, மகளும் மாப்பிள்ளையும் சென்னையிலிருந்து வந்து சேர்ந்த பிறகு, உங்களை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். மாப்பிள்ளை, காரை நான் ஓட்டுகிறேன் அத்தை, நீங்கள் ஆம்புலன்ஸில் ஏறுங்கள் என்றார். மகளை உங்களோடு ஏறச் சொல்லிவிட்டு, காரை நானே எடுத்தேன். நாகூர், வாஞ்சூர் தாண்டி, போலகத்தில் வயலெல்லாம் மூழ்கிக் கிடந்தது. முன்னால் நீங்கள், பின்னால் நான். வண்டி எங்காவது நின்று தொலையட்டும், இந்த ரோடு வீட்டில் போய் முடியாமல் இருக்கட்டும் என்று மாதாவிடம் கேட்டேன். நிற்கவே இல்லை. சத்தமே தெரியாமல் ஓடியது. நாம் இரண்டு பேரும் அவ்வளவு நன்றாகச் சரிசெய்திருந்தோம்.

கால் வீங்கியபோது நீங்கள் நீட்டிக்கொள்வதற்காகப் பக்கத்து சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தேன். இன்னும் அப்படியே இருக்கிறது. ஏறுகிறவர்கள் எல்லாம் ரொம்பத் தள்ளி இருக்கிறதே என்கிறார்கள். இழுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்கிறேன். அவர்கள் இறங்கிப் போனதும், குனிந்து, சீட்டுக்கு அடியில் இருக்கிற கம்பியைத் தூக்கி, சீட்டைத் திரும்பவும் பின்னால் தள்ளிவிடுகிறேன்.