அது அவர் இல்லை

ஞாயிறு இரவு, அக்ரஹாரம்

இன்று மாலை ஒரு கல்லூரியில் நடந்த அனிமே என்னும் ஜப்பானியக் கார்ட்டூன் பட விழாவில் என் கணவர் பேசினார். அனிமேயில் பெண் உடை அணியும் ஆண்களைப் பற்றிய பேச்சு. அதற்காக அவரே நீள விக் வைத்துப் பாவாடை கட்டியிருந்தார். பாவாடையைத் தைத்தது நான்தான்.

பழைய படங்களில் இப்படிப்பட்டவனைச் சிரிப்புக்காகவே வைத்தார்கள் என்றார். பிறகு நீண்ட முடியும் மென்மையான முகமுமாக நாயகர்களே வந்தார்களாம். இப்போது சில கதைகளில் அவன் ஏன் பாவாடை கட்டுகிறான் என்று யாரும் கேட்பதுகூட இல்லையாம். எனக்குப் பெருமையாக இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் என் பிறந்த ஊரான ஹனூரிலிருந்து அண்ணன் போன் செய்தார். யாரோ அவருக்கு விழா போட்டோவை அனுப்பியிருக்கிறார்கள்.

"ஏம்மிணி, இதுல இருக்கறது மாப்பிள்ளையா?"

"இல்லீங்கண்ணா. அது வேற யாரோ."

திரும்பினால் என் கணவர் நிற்கிறார். கண்மையைப் பாதிதான் துடைத்திருந்தார்.

"பரவால்ல விடு. உங்கண்ணன்கிட்ட வேற என்ன சொல்லுவே" என்று முகம் கழுவப் போய்விட்டார். அத்தனை பேர் முன்னால் கூசாத மனிதர், என் முன்னால் தலை குனிந்து போனார்.

சாப்பிட முடியவில்லை. அண்ணனை நானே அழைத்தேன்.

"அண்ணா, அது அவருதானுங்க. பாவாடை நான்தான் தெச்சேன்."

"அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் இப்போதைக்கு ஊருக்கு வர வேண்டாம்" என்று அண்ணன் போனை வைத்துவிட்டார்.

கணவரிடம் போய்ச் சொன்னேன். படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்து, அண்ணனிடம் நான் சொன்னதை இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னேன்.