வைரவருக்குச் சொன்ன பெயர்

12 மார்ச் 2023
தேனுகாவுக்குச் சம்பந்தம் பொருந்திவிட்டது. கப்பல்துறை ஊர்ப் பொடியன், நல்ல குணம். அவர்கள் கேட்பது ஒன்றுதான்: வீட்டை மகள் பெயரில் உறுதிப் பத்திரம் எழுதித் தரவேண்டும். நியாயம்தான். எனக்கும் அம்மா வீடு தந்தவள். எங்கள் ஊர் சல்லியில், கரையோடு இருந்த அதைக் கடல் கொண்டுபோனது.
ஆனால் இது சின்னராசா வீடு. தொண்ணூறில் குடும்பத்தோடு இந்தியாவுக்குப் படகேறியவர். சுனாமிக்குப் பிறகு, ஆளில்லாமல் கிடந்த இதற்குள் நாங்கள் வந்தோம்.

20 மார்ச்
என் மனுசனோடு சட்டத்தரணியிடம் போனேன். பத்து வருடத்துக்கு மேல் சொந்தமாக ஆண்டிருந்தால் உரிமை கோரலாமாம். ஆனால் வேறொருவர் காணி என்று ஒத்துக்கொண்டிருக்கக் கூடாது.
மனுசன் என்னைப் பார்த்தார்.
இந்த வீட்டு வேப்பமரத்தடியில் சின்னராசா குடும்பம் வைத்த வைரவர். வருசாவருசம் பொங்கிப் படைத்து மடை வைக்கிறேன். யார் பெயருக்கு என்று பூசாரி கேட்டால், "சின்னராசா குடும்பம்" என்பேன், ஊர் கேட்க. பயம்தான். வந்த புதிதில் தேனுகாவுக்குக் காய்ச்சல் விடவேயில்லை. அந்தப் பெயரைச் சொன்ன பிறகுதான் விட்டது. விளக்கு வைக்கும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ நிற்பது போலவே இருக்கும்.

21 மார்ச்
பயந்து நடந்தவளுக்குக் காணி இல்லை. பயமில்லாதவனுக்கு உண்டு. என்ன சட்டமடா இது?

2 ஏப்ரல்
பயந்தது வந்தே விட்டது. சின்னராசாவின் மகள் சுகந்தினி. இந்தியாவில் அகதி முகாமில் வளர்ந்தவள். தகப்பன் அங்கேயே செத்துப்போனாராம். சண்டை பிடிப்பாள் என்று நினைத்தேன், கையைப் பிடித்தாள்.
"அப்பா பேரில மடை வைக்கிறீங்களாம், அக்கா. பக்கத்து வீட்டில சொன்னவை. எங்களுக்காகத்தான் வீட்டைப் பாத்துக்கொண்டு இருக்கிறீங்கள் எண்டு விளங்கிச்சு."
தேத்தண்ணி போடுவதாகச் சொல்லிக் குசினிக்குள் போய் அழுதேன்.

9 ஏப்ரல்
சத்தியக் கடதாசியில் கையெழுத்து வைத்தேன். வீடு என்னுடையது, வேறு யாரையும் சொந்தக்காரராக ஏற்றதில்லை என்று. பூசாரியோடு மனுசன் கதைத்துவிட்டார். அவருக்கும் ஒன்றும் ஞாபகமில்லையாம்.
தேனுகாவுக்காக. வேறென்ன செய்ய ஏலும்?

14 நவம்பர் 2024
வீட்டு வழக்கில் சுகந்தினி ஒரே ஒரு தவணைக்குத்தான் நீதிமன்றம் வந்தாள். நான் சாட்சிக் கூண்டில் சொன்னதை முழுக்கக் கேட்டாள். பிறகு வரவில்லை.

30 மே 2025
வழக்கு எங்கள் பக்கம். உறுதி தேனுகா பெயரில். அடுத்த மாதம் கல்யாணம்.

8 ஆகஸ்ட்
மடை. பூசாரி பெயர் கேட்டார். பழக்கத்தில் "சின்ன..." என்று தொடங்கி நிறுத்தினேன். தேனுகாதான் தன் பெயரையும் மாப்பிள்ளை பெயரையும் தெளிவாகச் சொன்னாள்.
விளக்கு வைக்கக் குனிந்தவள் சட்டென்று நிமிர்ந்தாள்.
"அம்மா, எனக்குப் பின்னால ஆரும் நிக்கினமா?"
இல்லை என்றேன். நான் திரும்பிப் பார்க்கவில்லை.