பஸ் பார்க்கும் திசை

ஆகஸ்ட் 8, வெள்ளி

உள்ளங்கை அளவு மாதிரி பஸ்ஸுக்காக, பலகையொன்றில் எங்கள் ஊர் பலாபத்வல பஸ் தரிப்பிடத்தைச் செய்து முடித்தேன். வடித்த தேயிலைத் தூளைக் காயவைத்து மண்ணாக்கியிருந்தேன். ஜும்ஆ தொழுதுவிட்டு வந்து பஸ்ஸின் சக்கரங்களைத் தெருவில் ஒட்டினேன். குவைத்தில் வேலை செய்யும் என் மனைவி பரீனாவுக்கு வீடியோ கோலில் காட்டினேன். நெடுநேரம் பார்த்தாள்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பஸ் மாத்தளைப் பக்கம் பாக்குதே. நான் ஏர்போட்டுக்குப் போன பஸ்ஸுல்ல அது? திரும்பி வாற பஸ்ஸ வைங்க.”

எனக்கு எரிச்சல். பசை காய்ந்துவிட்டது. “சரி, திருப்புறேன்” என்றேன்.

கோலை வைத்த பிறகுதான் உறைத்தது. மாத்தளையிலிருந்து வரும் பஸ் எதிர்ப்பக்கத்தில் அல்லவா நிற்கும்! என் பலகை தெருவின் நடுக்கோட்டோடு முடிகிறது. அவள் வந்து இறங்க நான் இடமே விடவில்லை.