அடுத்த கூட்டத்தில் பஸ்

செப். 9, செவ்வாய்

காலையிலிருந்து மழை. துவைத்த சேலை காயவில்லை. நாளைக்கு அதைத்தான் கட்டவேண்டும்.

நாளை மாகாணக் குழுவின் முதல் கூட்டம். மாகாண சபைத் தேர்தல் எப்போது என்று யாருக்கும் தெரியாது. அதுவரை பிரதேச சபைக்கு ஒரு உறுப்பினர் என்று எங்களைக் கொண்டுபோய் உட்காரவைத்து ஒப்பேற்றப் பார்க்கிறார்கள். "அடிமட்ட மக்களின் குரல்" என்று பெரிய பேச்சு. எங்கள் சபையிலிருந்து நான். வேறு யாரும் போக விரும்பவில்லை, அதுதான் உண்மை.

கேட்கப்போவது ஒன்றே ஒன்று. மாத்தளையிலிருந்து வரும் கடைசி பஸ் சந்தியோடு திரும்பிவிடுகிறது. அதைத் தோட்டம்வரை விடவேண்டும். அனுமதி மாகாணத்தின் கையில். மகள் தர்ஷினி மாத்தளையில் உயர்தர மாலை வகுப்பு முடிந்து, சந்தியில் இறங்கி, இருட்டில் தேயிலைக்குள் ஏறி வருகிறாள். வந்து சேரும்வரை எனக்கு அடுப்பில் என்ன இருக்கிறது என்றே தெரிவதில்லை.

வீட்டுக்காரர்: "இந்த மாசத்தோட படிப்ப நிப்பாட்டிருவோம். பன்னி சுத்துது, குடிகாரனுங்க சுத்துறானுங்க. நீதான் மெம்பராச்சே, ஒரு பஸ்ஸக் கொண்டாந்து காட்டு பாப்போம்."

தர்ஷினி: "அம்மா கொண்டாந்துருவாங்கப்பா."

எனக்குத்தான் அவ்வளவு நம்பிக்கை இல்லை.

வாங்க: சவர்க்காரம், பருப்பு, பேனா.

செப். 10, புதன்

மழை விட்டது. சேலை ஈரம்தான்.

பெயர்ப்பலகை, மைக், கட்லட், ரோல்ஸ். எல்லாம் உண்டு, அதிகாரம்தான் இல்லை. ஒரு கூட்டத்துக்கு ஒரே ஒரு கோரிக்கைதான் மேலே போகுமாம். எது என்று நாங்களே கையுயர்த்தி முடிவுசெய்யவேண்டுமாம். அடித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள்.

தேநீர் நேரத்தில் கலேவெல உறுப்பினர் நஸீர் நானா பக்கத்தில் வந்தார். வெங்காய வியாபாரி. அவருடைய ஊர் ஆஸ்பத்திரிக்கு டாக்டர் இல்லை.

"தங்கச்சி, ஆளாளுக்கு சொந்தத்துக்குக் கைய தூக்கினா ஒண்டும் போகாது. இந்தத் தடவ என்ட டாக்டருக்குத் தூக்குங்க. அடுத்த கூட்டத்துல ஒங்கட பஸ்ஸுக்கு நான் தூக்குறேன். அல்லா மேல ஆணை."

தூக்கினேன். மற்ற எல்லோரும் தத்தம் கோரிக்கைக்கு ஆளுக்கொரு கை. தம்புள்ளைக்காரர் சந்தைக் குப்பைக்குத் தூக்கிவிட்டு, வேறு யாராவது தூக்குகிறார்களா என்று சுற்றிப் பார்த்தார். பாவம். டாக்டருக்கு இரண்டு கை. அதுவே பெரும்பான்மை. கைதட்டல் வேறு.

பஸ்ஸில் திரும்பும்போது உறைத்தது. என் கோரிக்கைக்கு ஒரு கைகூட இல்லை. என் கைகூட.

வீட்டில் "அடுத்த கூட்டத்துல" என்றேன். வீட்டுக்காரர் சிரித்துவிட்டு ரேடியோவைப் போட்டார். "சரிம்மா, அடுத்த கூட்டம்தானே" என்றாள் தர்ஷினி.

செப். 23, செவ்வாய்

தலைவலி. பனடோல் முடிந்துவிட்டது.

அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்க மாகாண அலுவலகத்துக்குப் போன். அந்தப் பெண் சிங்களத்தில் மரியாதையாகத்தான் பேசினாள். கூட்டமே இல்லையாம். உள்ளூர் உறுப்பினர்கள் மாகாண வேலையில் உட்காரச் சட்டத்தில் இடமில்லை என்று சுற்றறிக்கை வந்துவிட்டதாம். குழு கலைந்தது. அப்படியானால் டாக்டர் தீர்மானம்? அதுவும் செல்லாது.

உட்காரவைக்கும் முன் சட்டத்தைப் பார்க்க ஒருவருமா இல்லை? நானாவின் ஊருக்கும் பயனில்லை, என் பிள்ளைக்கும் பயனில்லை.

தர்ஷினியிடம் சொன்னேன். "பரவால்லம்மா" என்றாள். அவள் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன்.

செப். 26, வெள்ளி

வெயில். கொத்தமல்லி காயவைத்தேன்.

தர்ஷினி வெள்ளைச் சீருடையைத் துவைத்து, மடித்து, பக்கத்து லயத்து வரிசை வீட்டுப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டாள். அவளுடைய அப்பாவும் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தார். நானும்தான். திங்கட்கிழமையிலிருந்து ஆடைத் தொழிற்சாலையில் வேலை.

மாலையில் நஸீர் நானா போன். "தங்கச்சி, டாக்டர் எப்ப வருவார் எண்டு ஏதும் தெரியுமா? இங்க சனம் கேட்டுக்கிட்டே ஈக்கிது. அடுத்த கூட்டத்துல ஒங்கட பஸ்தான், மறக்கல்ல."

அவருக்கு இன்னும் தெரியாது. "சரி நானா" என்று வைத்துவிட்டேன்.

செப். 28, ஞாயிறு

மறுபடி மழை. நாளை விடிய அவளுக்குச் சோறு கட்டவேண்டும். குடை தேவையில்லையாம். தொழிற்சாலை வேன் லயத்து வாசலுக்கே வரும்.