மண் தின்னாத கபன் துணி

மண்ணுக்குள் உறங்கும் என் பிரியமுள்ள அத்தாவுக்கு, சலீமின் சலாம்.

அம்மா உங்கள் பக்கத்தில் வந்து படுத்துவிட்டாள். ஆனால் நேற்று நடந்த கூத்து அவளுக்கே தெரியாது. அதனால் நான்தான் சொல்ல வேண்டும்.

அவளுக்குக் கபுர் வெட்டும்போது பக்கத்து மண் சரிந்து உங்கள் கபுர் திறந்துகொண்டது. குழி வெட்டிய பாஷா பாய் மண்வெட்டியைப் போட்டுவிட்டு மேலே ஏறிவிட்டார். “சார், துணி அப்பிடியே கெடக்குதுங்க! நேத்து சுத்துன மாதிரி இருக்குது!”

எட்டிப் பார்த்தேன். யா அல்லா! பன்னிரண்டு வருஷம் உங்களைச் சுற்றி மண்ணில் கிடந்த கபன் துணி. செம்மண் கறை இருந்ததே தவிர, ஒரு நூல்கூட இற்றுப்போகவில்லை. உள்ளே எலும்புதான் மிச்சம்.

அதற்குள் கூட்டம் கூடிவிட்டது. “இது கராமத்து, அல்லா காட்டுன அற்புதம்! ஹாஜியார் அவுலியாங்க, பெரிய மகானுங்க! தர்கா கட்டணும்” என்றார்கள். தகரப் பட்டறையில் நாள் முழுக்க ஊரோடு வாய்ச்சண்டை போட்ட உங்களையா அத்தா? அழுவதா சிரிப்பதா?

எனக்கு வேறொன்று சுருக்கென்றது. ஹஜ்ஜுக்குப் போகிற நம் ஆட்களெல்லாம் தங்கள் கபன் துணியை மக்காவிலேயே வாங்கி, ஜம்ஜம் கிணற்றுத் தண்ணீரில் நனைத்துக் கொண்டுவருவார்களே, அப்படி வந்த துணி அது. “ஜப்பான் சரக்கு, இருக்கறதுலயே ஒசத்தி” என்று அம்மாவுக்கும் சேர்த்து வாங்கினீர்கள். அவள் பங்கு, வீட்டில் கிடத்தியிருந்த அவள் மையத்தருகே மடித்துவைத்திருந்தது.

வீட்டுக்கு ஓடினேன். ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினேன். பருத்தியென்றால் சாம்பலாகும். இது உருகிச் சுருண்டு கறுப்பு மணியாக இறுகிவிட்டது. பாலியெஸ்டர்! கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவன் வீட்டுப் பெட்டியில், இத்தனை காலமாக!

ஜைத்தூன் அக்கா கையைப் பிடித்துக்கொண்டாள். “என்னடா பண்ற? அம்மா ஆசப்பட்டு வச்சதுடா இது!”

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். பருத்தி மண்ணிலுள்ள கிருமிகளுக்குச் சாப்பாடு. பாலியெஸ்டர் நீளநீளமான அணுச் சங்கிலி. எஸ்டர் என்கிற இணைப்புதான் அதன் கண்ணிகளைக் கோக்கிறது. சங்கிலி வளைந்து கொடுக்கிற வகையாக இருந்தால், பூஞ்சைகள் அந்த இணைப்பை அறுத்துத் தின்றுவிடும். துணிக்கான பாலியெஸ்டரிலோ கண்ணிக்குக் கண்ணி விறைப்பான கார்பன் வளையம் உட்கார்ந்திருக்கிறது. அதனால் சங்கிலிகள் உங்கள் பட்டறைத் தகடுகளைப்போல நகம்கூட நுழையாமல் நெருக்கமாக அடுக்கிக்கொள்கின்றன. அறுக்க வருகிறவன் எந்த வழியாக உள்ளே போவான்?

“அப்ப அத்தா?” என்றாள்.

“அத்தா மண்ணாயிட்டாருக்கா. துணிதான் ஆகல.”

அம்மாவின் நெற்றியைத் தடவினாள். பிறகு அந்தத் துணியை என் கையில் திணித்தாள். “அம்மாவ இதுக்குள்ள வச்சுப் பூட்டாதடா. போ, காடாத்துணி வாங்கிட்டு வா.”

மையவாடிக்குத் திரும்பி, பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் அந்தக் கறுப்பு மணியைக் காட்டி, துணி பாலியெஸ்டர் என்றேன். “படிச்ச திமிரு, பெத்த அத்தாவோட மகிமையையே மறைக்கறாரு” என்று ஒருத்தர் என் முகத்துக்கு நேராகவே சொன்னார். வலித்தது அத்தா, ரொம்ப வலித்தது. ஹஜ்ரத் மணியை விரலால் உருட்டிப் பார்த்துவிட்டு, “மண்ணப் போட்டு மூடுங்க” என்றார். அத்தோடு உங்கள் கபுரை மூடினார்கள். அம்மாவைப் பருத்தியில் அனுப்பிவைத்தோம்.

நீங்கள் தப்பு செய்யவில்லை. பிரியத்தில் ஒசத்தியானதை வாங்கினீர்கள். ஆனால் நானும், என் பிள்ளைகளும், அவர்கள் பிள்ளைகளும் மண்ணான பிறகும் அந்தத் துணி அங்கே கிடக்குமே!

உங்கள்மேல் யாரும் தர்காவுக்குக் கல் வைக்க நான் விடமாட்டேன். மண் உங்களை வாங்கிக்கொண்டது. எனக்கு அது போதும்.

தகரக்கார ஹாஜியாரின் மகன்,
சலீம்
தருமபுரி