எல்லா மாணவிகளுக்கும் இலவசம்

1959 ஜூலை 7, செவ்வாய்
விடியலில் காற்றோடு மழை. பஃபலோ ரோடு முழுக்கச் சேறு.
டவுனில் இருக்கும் முடியலங்காரக் கடையிலிருந்து ஒரு பெண் பள்ளிக்கு வந்தாள். பாட்டுக் குழுவில் ஆளுக்கோர் அட்டை. கலைவிழாவுக்கு முடியைச் சுருட்டிவிடுவார்களாம். எல்லா மாணவிகளுக்கும் இலவசம். எனக்கும் கொடுத்தாள், என் முகத்தைப் பார்க்காமல்.
அப்பாவிடம் கேட்கமாட்டேன். எங்கள் தமிழ்ப் பேட்டையான தேக்காவைத் தாண்டிப் போனால் பள்ளிக்கூடம் அன்றோடு சரி என்றிருக்கிறார். சொன்னால் செய்வார். அக்காவுக்குச் செய்தார்.

ஜூலை 11, சனி
நல்ல வெயில். பார்க்க லட்சணமாக இருக்கட்டும் என்று தலை நிறைய எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னினேன். அம்மா: "சனிக்கிழமை ஆம்பளைங்க எண்ணெய் தேய்க்கிற நாளுடி. மீசை முளைக்கப் போவுது பாரு."
நூலகம் என்று பொய். மெய் லிங்கோடு பஸ். என் வகுப்பில் என்னோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.
சீனக் கடைக்காரி என் பின்னலைத் தொட்டாள். விரலை முகர்ந்தாள். துண்டில் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். "ஆயில் லா! இப்படி முடியாது. கழுவிட்டு வா."
என் தப்புதான். மெய் லிங்குக்கு முடியும்வரை பெஞ்சில். சுருள் அவளுக்கு அழகு.

ஜூலை 14, செவ்வாய்
புழுக்கம். நேற்றே சீயக்காய் போட்டு அலசி, மறுபடி அலசி. எண்ணெய் வாசம் துளியும் இல்லை. பள்ளி விட்டதும் தனியாகப் போனேன்.
இந்த முறை கடைக்காரி முடியைத் தொடவேயில்லை. "உங்க ஆளுங்க முடி எங்களுக்குப் பழக்கமில்ல."
அட்டையை நீட்டினேன்.
"அது எல்லாருக்கும் கொடுக்கிறதுதான். நீங்கள்லாம் வருவீங்கன்னு யாரு நினைச்சா?"
தன்மையாகத்தான் சொன்னாள்.

ஜூலை 15, புதன்
மிஸ்: "நீ மட்டும் ஏன் போகல?"
போனேன் என்று சொல்ல வாய் வரவில்லை. "அப்பா விடல, மிஸ்."
பின்னாலிருந்து யாரோ: "இவங்க அப்பாங்க எல்லாரும் அப்படித்தான் லா." சிரிப்பு. மெய் லிங்கும். நான் போனது அவளுக்குத் தெரியும்.
மிஸ் என் தோளில் கை வைத்தார். "நானே வந்து அப்பாகிட்ட பேசறேன்." வேண்டாம் என்றேன். கேட்கவில்லை.

ஜூலை 16, வியாழன்
மிஸ் நாளை மாலை வருகிறார். வீட்டில் சொல்லியாக வேண்டியிருந்தது. அப்பா: "எதுக்காம்?" தெரியாது என்றேன்.
எல்லோரும் தூக்கம். விளக்கின் மேல் துணி போட்டு எழுதுகிறேன். அப்பாவிடம் நான் கேட்கவே இல்லை; அவர் மறுக்கவுமில்லை. நான்தான் அவர் பேரைச் சொன்னேன். நாளை இந்தப் பொய் உடைந்தால், நான் டவுனுக்குப் போனதும் தெரிந்துவிடும். பள்ளிக்கூடம்?
அம்மாவுக்கு ஒரே பூரிப்பு. "உன்னைப் பத்தி நல்லதா சொல்லத்தான்டி வர்றாங்க." முறுக்கு சுட்டு டின்னில் மூடி வைத்திருக்கிறாள். மிஸ் வரும்வரை அப்பாகூடத் தொடக் கூடாதாம்.