தாளிப்பில்லாத ஒரு வாரம்

ஹெப்பகோடி,
12.3.1997

அன்புள்ள தமயந்திக்கு,

நான் நலம். நீயும் பாப்பாவும் நலம் என்று நீ எழுதியதைத்தான் நம்ப முடியவில்லை.

என் அறையில் தங்கியிருக்கும் சேகருக்குப் போன வாரம் காய்ச்சல், இருமல், கண்ணெல்லாம் சிவப்பு. “வெறும் சூடு மச்சான், விடு” என்றான். நான் விடவில்லை. நாலாம் நாள் காதுக்குப் பின்னால் சிவப்பாகத் தடித்திருந்தது. மறுநாள் முகம், அப்புறம் மார்பு, கடைசியில் கால். தட்டம்மை என்றார் டாக்டர். இப்போது தேறிவிட்டான். எனக்குச் சின்ன வயதிலேயே வந்து போனதால் பயமில்லை.

போன கடிதத்தில் பாப்பாவுக்குக் காய்ச்சல், கண் சிவந்திருக்கிறது என்றாய். இந்தக் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. ஆனால் ஒரு வாரமாகத் தாளிக்கவில்லை என்று கை தவறி எழுதிவிட்டாய். அம்மை போட்ட வீட்டில்தானே தாளிக்க மாட்டார்கள்? நான் லீவு போட்டு ஓடி வந்துவிடுவேன் என்று மறைக்கிறாயா?

வேப்பிலை வை, வேண்டாம் என்று சொல்லவில்லை. மூச்சு வாங்கினால் மட்டும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போ.

பாப்பா போட்டோ ஒன்று அனுப்பு. பழையது வேண்டாம்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. உடனே பதில் போடு. “இப்போது வர வேண்டாம்” என்று எழுதியிருந்தால், அன்றைக்கே பஸ் ஏறிவிடுவேன்.

ஞானவேல்